கதவுக்குள் விட்ட பச்சை

பெயிண்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பளபளப்பு எப்படி வரும்? அதற்கு நான் எதற்கு? உப்புத்தாளைப் பிடித்துக் கை வலிக்கத் தேய்த்தால் பாதி வந்துவிடும். மீதியை உங்கள் முதலாளியின் திட்டு கொண்டுவந்துவிடும். நான் சொல்ல உட்கார்ந்தது வேறு. ஒரு வண்டியில் எங்கே கை வைக்கக் கூடாது, வேலையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைப் பட்டறையில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். எனக்கு அது ஜவ்வாது மலையில் ஒரு வீட்டு வாசலில் தெரிந்தது.

எழுபதுகள் முடியப்போகிற நேரம். செங்கத்தில் ஒரு பட்டறையில் நான் பெயிண்டர். கல்யாணம் ஆகவில்லை. நான் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த நோய் நம் தொழிலில் எல்லோருக்கும் ஒருமுறை வரும். உங்களில் இரண்டு பேருக்கு இப்போதே வந்திருக்கிறது. பெயர் சொல்லவில்லை.

ஐப்பசி மாதத்தில் மலையிலிருந்து ஏழுமலை என்பவர் பட்டறைக்கு வந்தார். என் வயதுதான். ஒரு பழைய பிக்கப் வண்டியின் இன்ஜினை மட்டும் இறக்கி, வாடகை லாரியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வண்டி அவருடைய அண்ணன் அண்ணாமலையுடையது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. அந்த ஊரின் புளியும் சாமையும் சந்தைக்கு இறங்கியது அதில்தான். பிரசவ வலி எடுத்த பெண்கள் ஆஸ்பத்திரிக்கு இறங்கியதும் அதில்தான். ஒருநாள் இன்ஜின் ஜாம் ஆகிப்போனது. சரிசெய்யச் சம்பாதித்துக்கொண்டு வருகிறேன் என்று அண்ணாமலை குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போனார். முதல் பொங்கலுக்கு வந்து போனவர், அதன் பிறகு வரவில்லை. ஏழுமலை போய்த் தேடியிருக்கிறார். இங்கிருந்து வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார், எந்த எஸ்டேட் என்று தெரியாது என்றார்களாம். வண்டி வாசலில் நின்றபடியே சில மழைக்காலங்களைப் பார்த்துவிட்டது.

இன்ஜின் மெக்கானிக்குக்கு, உடம்பு எனக்கு. இன்ஜின் இல்லாத வண்டியை மலையிலிருந்து இறக்க முடியாது என்பதால் நான் ஏறினேன். சாமை அறுப்பு முடிவதற்குள் வண்டி தயாராக வேண்டும் என்பது பேச்சு. பச்சை நிறத்தில் கேட்டிருந்தார்கள். முன்பு இருந்த அதே பச்சை.

அந்த வீட்டில் மூன்று பேர். ஏழுமலை, அண்ணாமலையின் மனைவி காசியம்மா, அவருடைய மாமனாரும் ஏழுமலையின் அப்பாவுமான பெரியவர். வண்டியை மறுபடி ஓடவைத்தே தீர வேண்டும் என்று நின்றவர் காசியம்மா. பெரியவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிப்பது. வீட்டுக்கு எதிரே, ரோடு ஒரு பாறையைச் சுற்றித் திரும்பும் வளைவு நன்றாகத் தெரியும். யார் வந்தாலும் போனாலும் அங்கேயே பார்த்துவிடலாம். பெரியவர் மட்டும் எப்போதும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மூங்கில் சீவிக்கொண்டிருப்பார். மனிதர்களையே பிடிக்காதவர் போலிருக்கிறது என்று நான் எனக்குள் எழுதிக்கொண்டேன்.

வண்டியைத் தேய்க்கிறவனுக்கு அதை ஓட்டியவனைத் தெரிந்துவிடும். நீங்களும் போகப்போகப் பார்ப்பீர்கள். ஓட்டுநர் பக்கக் கதவில், ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றி ஊன்றிப் பச்சை போய்த் தகடு தெரிந்தது. அந்த இடம் நன்றாகப் பின்னால் தள்ளி இருந்தது. ஆக, நெட்டையான ஆள், சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர். கதவின் உட்புறத்தில் தீக்குச்சி கிழித்த கோடுகள். எதில் உரசினாலும் பற்றும் குச்சி போலிருக்கிறது, கைக்கெட்டும் இடத்தில் எல்லாம் கிழித்திருந்தார், தீப்பெட்டியின் மருந்துப் பட்டை மழையில் நமுத்துப்போகும் ஊர் அது. பாட்டுக்குத் தாளம் போட்டாரோ என்னவோ, ஸ்டீயரிங் வளையத்தில் ஒரே இடம் வழவழப்பாக இருந்தது. ஒருநாளும் பார்த்திராத ஒரு மனிதர் மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது.

பானெட்டையும் மட்கார்டுகளையும் தேய்த்துத் துருவை எடுத்து, நெளிவு தட்டி, பட்டி பார்த்து முடித்தேன். மேல்பூச்சுக்கு முன்னால் பூசும் ரெட் ஆக்சைடு ஒரு கை போட்டேன். நான் கொண்டுபோன பச்சை டப்பா வாசலில் இருந்தது. மறுநாள் காலையில் அதன் பக்கத்தில் இன்னொரு டப்பா இருந்தது. நீலம். பெரியவர் யாரிடமும் சொல்லாமல் செங்கத்துக்கு இறங்கி வாங்கிவந்திருந்தார். இந்தக் கலர்தான் அடிக்க வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மூங்கிலுக்குத் திரும்பிவிட்டார்.

வீடு அன்றோடு வாயை மூடிக்கொண்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீலம் அழகாகத்தான் இருக்கும் என்றுகூட நினைத்தேன். அன்று மத்தியானம் களி கொண்டுவந்து வைத்த காசியம்மா போகாமல் நின்றார். அவர் என்னிடம் நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

“மேஸ்திரி, எங்கூர்ல செத்தவன் மம்பட்டிய யாரும் அப்டியே எடுக்க மாட்டாங்க. பழைய பிடியக் கழட்டிட்டு, புதுப் பிடி போட்டாத்தான் இன்னொருத்தன் தொடுவான். வண்டிக்குக் கலர மாத்துறதும் அதான். மாமா பிடிய மாத்தச் சொல்றாரு.”

நான் களித் தட்டைக் கீழே வைத்தேன். அவர் வளைவைப் பார்த்தபடியே சொன்னார்:

“பச்ச வண்டி சந்தைக்கு எறங்குச்சுன்னா நாலு பேரு பார்ப்பாங்க. குடகுக்குப் போறவங்க யார்னா அவுரு காதுல போடுவாங்க. ஒன் வண்டி ஓடிக்கினு கீதுடா, வூட்ல இன்னும் நெனச்சிக்கினு கீறாங்கடான்னு. நான் சேதி அனுப்பறதுக்கு வேற இன்னா கீது?”

அதுவரை அது எனக்கு ஒரு பெயிண்ட் வேலை. அதன் பிறகு அப்படி இல்லை. நீலம் அடித்தால், உயிரோடு இருக்கக்கூடிய ஒரு மனிதரை என் பிரஷ்ஷால் நானே சாகடித்த மாதிரி. பச்சை அடித்தால், வீட்டுக்குப் பெரியவரின் சொல்லை எங்கிருந்தோ வந்த பெயிண்டர் மீறிய மாதிரி. அந்த வீட்டில் காசியம்மா அதற்குப் பிறகு எப்படிக் குடித்தனம் செய்வார்? ஏழுமலையைக் கேட்டேன். அவர் அப்பா பக்கமும் பேச முடியாமல், அண்ணி பக்கமும் பேச முடியாமல் நசுங்கிப்போயிருந்தார். நீங்கள் எதை அடிக்கிறீர்களோ அதுதான் கலர் என்று என் தலையில் கட்டிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். இன்ஜின் தயாராகி மேலே வந்துவிட்டது. சாமையும் களத்துக்கு வந்துவிட்டது. இரண்டு டப்பாவும் வாசலில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

இந்த மாதிரி நேரத்தில் இளவட்டக் கை என்ன செய்யும் தெரியுமா? வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டால் பிரச்சினையும் முடிந்துவிடும் என்று நினைக்கும். முடியாது, தம்பிகளா. பெயிண்ட் காய்ந்த பிறகுதான் அது ஆரம்பிக்கும்.

நான் ஒரு பழைய தகரத்தில் பச்சையைக் கொஞ்சம் அடித்து வெளியே வைத்தேன். காலையில் பார்த்தால் பனி குடித்து, மேலெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. அந்தத் தகரத்தை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் இருக்கும் நேரம் பார்த்து நடு வாசலுக்கு வந்தேன். இந்தப் பனியில் பச்சையோ நீலமோ எதுவும் நிற்காது என்றேன். ரெட் ஆக்சைடையே இன்னொரு கை கெட்டியாகப் போட்டுவிடுகிறேன், வண்டி இப்படியே சந்தைக்குப் போகட்டும், வெயில் காலம் வந்ததும் மேல்பூச்சைப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு நிஜமும் இல்லை. நடுநடுவே இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்தது. அந்த நாட்களில் நான் டப்பாவைத் திறக்கவில்லை.

பெரியவர் தகரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். நான் ஓட்டுநர் பக்கக் கதவுக்கு வந்தபோது காசியம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

“வெளிய எப்டியோ அடிங்க. இந்தக் கதவுக்கு உள்ள மட்டும் தேய்க்காதீங்க மேஸ்திரி. அவுரு வந்தா மொதல்ல இதத்தான் தொறப்பாரு.”

ஆகவே அந்த ஒரு கதவின் உட்புறத்தை விட்டுவிட்டேன். பழைய பச்சை, தீக்குச்சிக் கோடுகள், எல்லாம் இருந்தபடியே இருந்தன. ஜன்னல் விளிம்பில் முழங்கை பட்ட இடத்தையும் விட்டேன். தகடு தெரிகிற இடத்தை அப்படியே விடுவது நம் தொழிலில் பாவம். துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தேன், அதற்கு மேல் என்னால் ஆனது ஒன்றுமில்லை. கதவைச் சாத்தினால் வண்டி முழுக்கச் செங்கல் நிறம். திறக்கிறவருக்கு மட்டும் பச்சை.

செங்கம் சந்தைக்கு வண்டி அப்படியே இறங்கியது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு என்னை நடுப்பட்டறையில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினார். பாதி வேலையில் ஒரு வண்டி ரோட்டில் ஓடினால் அது நம் பட்டறைக்குப் பலகை எழுதி மாட்டிய மாதிரி என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் காரணம் சொல்லவில்லை. அந்த வீட்டு விஷயத்தைப் பட்டறை நடுவே பரப்ப எனக்கு மனம் வரவில்லை. பேர்போன பெயிண்டர், டிராக்டர் டிரெய்லருக்குத் துரு சுரண்டிக்கொண்டு கொஞ்ச நாள் கிடந்தேன்.

அந்த வண்டிக்கு என்ன மாயமோ தெரியாது, என்னையும் பிடித்துக்கொண்டது. சந்தை நாள் வந்தால் கை வேலையில் இருக்கும், கண் ரோட்டில் இருக்கும். செங்கல் நிற வண்டி வரும், ஏழுமலை ஓட்டிவருவார், புளி மூட்டை இறக்குவார். எனக்கு அவரைப் பார்த்ததும் மனசு சப்பென்று ஆகிவிடும். பாவம், அவர் என்ன செய்வார்? குடகிலிருந்து வருகிறவர்கள் ஏறிவரும் பெங்களூர் பஸ்களில் கையில் பையோடு நெட்டையாக யார் இறங்கினாலும் நின்று பார்ப்பேன். அவர் முகம் எனக்குத் தெரியாது. முழங்கை எந்த இடத்தில் ஊன்றும் என்பது மட்டும் தெரியும். அதை வைத்து ஓர் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினேன். எனக்காக இப்படி யாரும் காத்திருந்ததில்லை. அந்த ஏக்கமும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

வெயில் காலம் வந்தது, போனது. மேல்பூச்சு அடிக்க வா என்று மலையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. நானும் எப்போது வரட்டும் என்று கேட்கவில்லை. ஆனால் ரெட் ஆக்சைடு வெயிலையும் மழையையும் நெடுநாள் தாங்கும் பூச்சு இல்லை. அடுத்த ஐப்பசியில் அங்கங்கே துரு எட்டிப்பார்க்கத் தொடங்கிவிட்டது என்று ஏழுமலை வந்து சொன்னார். பச்சை டப்பாவையும் நீல டப்பாவையும் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினேன். இரண்டும் என்னிடமே இருந்தன.

போனதும் முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைப் பார்த்தேன். உள்ளே பச்சை அப்படியே இருந்தது. ஜன்னல் விளிம்பில் முழங்கை பட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். மலைப் பனியில் வெறும் தகடு ஒரு மாதம் தாங்காது, சிவந்து உதிர்ந்திருக்க வேண்டும். அது புதிதாகத் துடைத்த தாம்பாளம் போல மின்னியது. யாரோ தினமும் அங்கே கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏழுமலை இல்லை. அவர் குட்டை, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து ஓட்டுகிறவர். அவர் முழங்கை அங்கே எட்டாது. அப்படியென்றால் அண்ணாமலை வந்துவிட்டாரா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்த்தேன். அங்கே யாரும் புதிதாக இல்லை.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். பெரியவர். மூங்கில் சீவுகிற கத்தியை மட்கார்டின் மேல் வைத்துவிட்டு, மெதுவாக ஏறி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டார். வலது முழங்கையை ஜன்னல் விளிம்பில், அதே இடத்தில் வைத்தார். மகனின் நெட்டை யாரிடமிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இடது கையால் கதவின் உட்புறத்தில் இருந்த தீக்குச்சிக் கோடுகளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வளைவில் விறகுக் கட்டோடு காசியம்மா வந்தார். வண்டிக்குள் மாமனாரைப் பார்த்தார். நின்றார். பிறகு ரோட்டை விட்டு இறங்கி, வயல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். அது அவருக்குப் பழக்கமான வழி போலத்தான் இருந்தது. பின்னால் நான் கேட்டபோது, தினமும் உட்காருவார், நான் பார்க்காத மாதிரி போய்விடுவேன் என்று மட்டும் சொன்னார்.

நான் எழுந்து நின்றதைப் பெரியவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். அவசரமாக இறங்கவில்லை. இரண்டு டப்பாவும் கொண்டுவந்திருக்கிறேன், உங்கள் நீலத்தையே அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் முன்னால் இருந்த வளைவைப் பார்த்தார். அவர் அந்தப் பக்கம் முகம் திருப்பி நான் பார்த்தது அப்போதுதான்.

“நான் பிடிய மாத்தச் சொன்னேன்னு எம்மருமவ நெனச்சிக்கினு கீது. அது இல்ல தம்பி. அந்த வளைவுல பச்ச வண்டி திரும்புனா எங்காலு தானா ஓடும். பெரியவன் வந்துட்டான்னு. ஆனா எறங்கப் போறது சின்னவன். அவனப் பார்த்து எம்மூஞ்சி சுருங்கிப் போவும். அவனும் எம்புள்ளதானே, அவன் இன்னா பாவம் பண்ணான்? அதுக்குத்தான் நீலம் வாங்கியாந்தேன்.”

ஒரு வருஷமாக நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். சந்தையில் ஏழுமலை இறங்கும்போதெல்லாம் என் முகமும் சுருங்கியிருக்கும். ஒரு வீட்டில் ஒருவர் பச்சை கேட்டதும் ஒருவர் நீலம் கேட்டதும் ஒரே ஆளை எதிர்பார்த்துத்தான். அது தெரியாமல் பெரியவரைக் கல் என்று எழுதிவைத்திருந்தேன்.

பெரியவர் இறங்கினார். கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். “செவப்பே அடி,” என்றார். “உள்ள கை வைக்காத.”

அந்த வருஷம் சிவப்பே அடித்தேன். அதற்கடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும். செங்கத்தில் இருந்தவரை ஒவ்வோர் ஐப்பசியிலும் ஏறி, அந்த வண்டிக்கு ரெட் ஆக்சைடு மட்டும் பூசிவிட்டு இறங்கினேன். மேல்பூச்சு காணாத வண்டி என்று சந்தையில் கேலி செய்வார்கள். யார் அடித்தது என்று கேட்டால் நான்தான் என்று சொல்லிக்கொள்வேன். என் கையில் வந்த வேலைகளில் முகம் பார்க்க முடியாத ஒரே வண்டி அதுதான், எனக்குப் பிடித்ததும் அதுதான். எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி வேலூருக்கு வந்துவிட்டேன். அதுவரை அண்ணாமலை வரவில்லை. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று பல தடவை பஸ் ஸ்டாண்டு வரை போயிருக்கிறேன். வரவில்லை என்ற பதிலை அந்த வாசலில் நின்று கேட்கத் துணிவில்லாமல் திரும்பிவிடுவேன்.

இதிலிருந்து உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டுமென்றால், வீட்டு வாசலில் வைத்து ஒரு பழைய வண்டியைத் தேய்க்கப் போனால், உப்புத்தாளை எடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அதிகம் பேசாதவரிடம் இரண்டு தடவை கேளுங்கள். முடிக்காமல் விட வேண்டிய வேலை என்று தெரிந்தால், பேர் கெட்டாலும் விட்டுவிட்டு வாருங்கள். உங்கள் முதலாளி திட்டுவார். அவர் திட்டட்டும்.

இன்னொன்று உண்டு. இது பாடமில்லை, நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது. மலையிலிருந்து செங்கல் நிறத்தில் ஒரு பழைய பிக்கப் உங்கள் பட்டறைக்கு வந்தால், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். ஓட்டிவந்தவர் நெட்டையாக இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு, எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.